எலேனாவுக்குத் தந்த தோடு

குரோருட், ஒஸ்லோ
12.05.2003

அன்புள்ள தங்கச்சி அனஸ்ரேசியா,

மாதாவின் துணையால் நானும் அத்தானும் குறையில்லாமல் இருக்கிறோம். பேசாலையில் நீயும் மக்டலீனும் நலமாக இருக்க ஒவ்வொரு ஞாயிறும் பூசையில் கேட்டுக்கொள்கிறேன். உன் முழங்கால் நோவு குறைந்ததா? போன முறை அனுப்பிய தைலத்தைப் பத்திரப்படுத்தி வைக்காமல் பூசு.

இந்தக் கடிதத்தைக் கொண்டுவருகிறவர் பெயர் சிவானந்தன். லோறென்ஸ்கூக்கில் இருக்கிறார். சமாதானம் வந்த பிறகு முதல் தடவையாக ஊருக்குப் போகிறார். வவுனியாவில் அலுவலை முடித்துக்கொண்டு மன்னாருக்கும் வருவதாகச் சொன்னார். அவரிடம் ஒரு சின்னப் பெட்டி கொடுத்திருக்கிறேன். மக்டலீனின் கலியாணத்துக்கு இந்தப் பெரியம்மாவின் பங்கு அது.

திறந்ததும் இது என்ன வேலைப்பாடு என்று திகைப்பாய். இது மெக்சிக்கோ நாட்டுத் தோடு. தங்கக் கம்பியை நூலாக இழுத்துப் பூவாகச் சுற்றியிருக்கிறார்கள். எல்லாம் கைவேலை. அடியில் ஆறு ஆறு முத்துகள் தொங்கும். நான் காலையில் வயதானவர்களுக்கு உதவிக்குப் போகிற வீடுகளில் ஒன்று ஹவுகன்ஸ்டுவாவில், ஆறாவது மாடியில். அங்கே கொன்சுவேலோ என்ற மெக்சிக்கோக்கார அம்மா தனியாக இருக்கிறார். எழுபத்தொன்பது வயது. நோர்வேக் கப்பல்காரர் ஒருவரைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தவர். அவர் காலமாகிப் பல வருடமாகிறது. அந்த அம்மாவுக்கு என்னில் நல்ல பட்சம். தன் கையால் என் கையில் வைத்து, சந்தோஷமாகத் தந்த தோடு இது.

நான் வெளிக்கிட்டு வருவதற்காக அம்மா தன் தோட்டை விற்றது எனக்கு மறக்கவில்லை. அது உனக்கென்று சொல்லிவைத்திருந்த தோடு. இருபத்துமூன்று வருடமாக உன் காதைப் படத்தில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த நினைவுதான். இதை மக்டலீனின் காதில் போட்டுப் பார். யாராவது கேட்டால் பெரியம்மா தந்தது என்று சொன்னால் போதும்.

அன்பு மறவாத அக்கா,
புளோறன்ஸ்

பேசாலை
09.06.2003

அன்பான அக்காவுக்கு,

நானும் மக்டலீனும் சுகம். என் முழங்கால் படியேறும்போது மட்டும் தன்னைக் காட்டுகிறது. அத்தானின் பஸ் வேலை எப்படி? இன்னும் விடிய முதல் எழும்பித்தான் ஓடுகிறாரா?

சிவானந்தன் அண்ணை போன வியாழன் வந்தார். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னேன், நிற்கவில்லை. அவர் படலை தாண்டும்வரை பொறுத்திருந்துதான் பெட்டியைத் திறந்தேன். அக்கா, மக்டலீன் கண்ணாடிக்கு முன்னாலிருந்து எழும்பவே மாட்டேன் என்கிறாள். பக்கத்து வீட்டுக்காரர் எல்லாரும் வந்து பார்த்தார்கள். கொக்கி நீளமாக இருந்ததால் காதில் நிற்கவில்லை. மன்னாரில் நகை செய்கிற பத்தரிடம் கொடுத்தேன். அவர் கொக்கியை வெட்டி, நம்முடைய தோடு போலத் திருகுகிற சுரை வைத்துத் தந்தார். "இந்தக் கம்பி வேலை எங்களாலை ஏலாது அக்கா, இது ஆரோ கண்ணைக் குடுத்துச் செய்திருக்கினம்" என்றார்.

அம்மாவின் தோட்டைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அதை விடுங்கள். நீங்கள் உயிரோடு அங்கே போய்ச் சேர்ந்ததே பெரிது.

ஒன்று கேட்க வேண்டும். இவ்வளவு விலைமதிப்பான பொருளை ஒருவர் உதவிக்கு வருகிறவருக்குத் தருவாரா? அந்த அம்மாவுக்குப் பிள்ளைகள் இல்லையா?

கலியாணம் ஜூலை 26. நீங்கள் வரமுடியாது என்று தெரியும். இருந்தாலும் கேட்கிறேன்.

உங்கள் அன்புத் தங்கச்சி,
அனஸ்ரேசியா

குரோருட்
02.07.2003

அன்புள்ள தங்கச்சி,

உன் கடிதம் கிடைத்தது. நாங்கள் சுகம். இங்கே கோடை. வெளிச்சம் போவதே இல்லை. திரைச்சீலைக்கு மேல் போர்வையையும் தொங்கவிட்டுத்தான் படுக்கிறோம். அத்தான் பஸ்ஸை விட்டு இறங்கினால் வீட்டுப் பல்கனியில் தக்காளிக்குத் தண்ணீர் ஊற்றுகிறார். நாலு செடிக்கு இவ்வளவு கவனம்.

கலியாணத்துக்கு வர லீவு கிடைக்கவில்லை. கோடையில் நோர்வேக்காரர் எல்லாரும் விடுமுறையில் போய்விடுவார்கள், வீடுகளுக்கு நாங்கள்தான் ஓட வேண்டும். என்னோடு வேலை செய்கிற கிருஷ்ணகுமாரியைப் பற்றி முன்பு எழுதியிருக்கிறேன், எனக்கு இந்த வேலையை எடுத்துத் தந்தவள். அவள்தான் பின்னேரங்களில் நான் போகிற வீடுகளுக்குப் போகிறாள். அவளும் களைத்துப்போனாள்.

மாப்பிள்ளை வீட்டாருக்கு என் அன்பைச் சொல். மாப்பிள்ளைக்கு ஒரு சேட்டுத்துணி அனுப்பியிருக்கிறேன். மக்டலீனைப் பலகாரம் சுடும்போது எண்ணெய்ப் பக்கம் நிற்க விடாதே, கலியாணப் பெண் கையைச் சுட்டுக்கொள்ளக் கூடாது.

அந்த அம்மாவுக்கு ஒரு மகள் இருக்கிறாள். பேர்கனில்.

அன்புடன் அக்கா,
புளோறன்ஸ்

பேசாலை
11.08.2003

அன்பான அக்காவுக்கு,

கலியாணம் நல்லபடியாக முடிந்தது. வெற்றி மாதா கோவிலில் பூசை. மழைக்குப் பயந்தோம், ஒரு துளி விழவில்லை. இதற்குள் படம் வைத்திருக்கிறேன். மக்டலீனின் காதைப் பாருங்கள். மாப்பிள்ளையின் தாய் எல்லாருக்கும் முன்னால் அவள் முகத்தைத் திருப்பிப் பிடித்து, "இது வெளிநாட்டுப் பெரியம்மா குடுத்ததாம், இப்பிடி ஒண்டு மன்னாரிலை ஒருத்தரிட்டையும் இல்லை" என்று சொன்னார். எனக்கு நிலத்தில் கால் பாவவில்லை. நாங்கள் வெறும் கையோடு பெண் கொடுக்கிறோம் என்று பேசிக்கொண்டிருந்தவர்களின் வாய் அன்றைக்கு அடங்கியது.

அக்கா, கொன்சுவேலோ அம்மாவுக்கு நன்றி சொல்ல வேண்டாமா? நான் ஒரு பனையோலைப் பெட்டி பின்னி வைத்திருக்கிறேன். மக்டலீன் ஒரு கடிதம் எழுதியிருக்கிறாள். இரண்டையும் இதோடு அனுப்புகிறேன். கலியாணப் படத்தில் ஒன்று அந்த அம்மாவுக்கு. நீங்கள் வாசித்து மொழிபெயர்த்துச் சொல்லுங்கள். அவருடைய மகளுக்கும் காட்டுங்கள்.

உங்கள் உடம்பு எப்படி? போன கிழமை தொலைபேசியில் குரல் அடைத்திருந்தது.

அன்புத் தங்கச்சி,
அனஸ்ரேசியா

குரோருட்
28.09.2003

அன்புள்ள அனஸ்ரேசியா,

நாங்கள் சுகம். படமும் பெட்டியும் கிடைத்தன.

அந்தத் தோட்டைக் கொஞ்ச நாளைக்கு எனக்குத் திருப்பி அனுப்ப முடியுமா? இங்கே ஒரு நகைக்கடையில் அதைப் பார்த்து இன்னொரு சோடி செய்விக்கலாம் என்று யோசிக்கிறேன். அதுவரை மக்டலீன் அதைப் போட வேண்டாம். யாராவது வருகிறவரிடம் கொடுத்துவிடு. தபாலில் வேண்டாம்.

உடம்பைக் கவனி.

அக்கா

பேசாலை
20.10.2003

அன்பான அக்காவுக்கு,

நாங்கள் சுகமாக இருக்கிறோம். நீங்கள் சுகமாக இல்லை என்று உங்கள் கடிதமே சொல்கிறது.

நீங்கள் நாலு பக்கத்துக்குக் குறைய எழுதி நான் பார்த்ததில்லை. இந்த முறை அரைப் பக்கம். கொன்சுவேலோ அம்மா பெட்டியை வாங்கிக்கொண்டாரா, கடிதத்தைக் கேட்டு என்ன சொன்னார், ஒன்றும் இல்லை. இன்னொரு சோடி யாருக்கு? எனக்கென்றால் வேண்டாம். இந்த வயதில் எனக்கு என்ன தோடு?

மக்டலீனிடம் நான் இன்னும் சொல்லவில்லை. என்ன சொல்வது? தந்ததைத் திருப்பிக் கேட்கிறார்கள் என்றா? அவள் முழுகாமல் இருக்கிறாள் அக்கா, மூன்று மாதம். இந்த நல்ல செய்தியை வேறு விதமாக எழுத ஆசைப்பட்டேன்.

என்ன நடந்தது என்று எழுதுங்கள். நடந்தது எதுவென்றாலும் எழுதுங்கள்.

அனஸ்ரேசியா

குரோருட்
08.11.2003

அன்புள்ள தங்கச்சி,

மக்டலீனின் செய்தியை வாசித்து அழுதேன். அவளைப் பாரம் தூக்க விடாதே. கத்தரிக்காய் கொடுக்காதே.

தொலைபேசியில் இதைச் சொல்ல மூன்று தரம் எடுத்துவிட்டு வைத்துவிட்டேன். எழுதுகிறேன். அத்தானுக்கும் தெரியாது.

கொன்சுவேலோ அம்மா என் கையில் வைத்துத் தந்த தோடு என்று எழுதினேன். அது உண்மை. ஆனால் அவர் எனக்குத் தரவில்லை. அவருக்கு இரண்டு வருடமாக நினைவு தவறுகிறது. நோர்வேஜியமும் மறந்துபோய் ஸ்பானிய மொழிதான் அதிகம் வருகிறது. சிலநாள் நான் யாரென்று தெரியும். சிலநாள் கணவர் கப்பலில் போயிருக்கிறார் என்பார். மே மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, நான் தலை சீவிவிட்டுக்கொண்டிருந்தேன். என் கையைப் பிடித்து முகத்தைப் பார்த்து, "எலேனா, கடைசியிலை வந்திட்டாய்" என்றார். எலேனா அவருடைய மகள். அவளும் என்னைப்போல நிறம், என்னைப்போல உயரம். சுவரில் படம் இருக்கிறது. மேசைக்குள்ளிருந்து பெட்டியை எடுத்து என் உள்ளங்கையில் தோட்டை வைத்து விரல்களை மூடினார். "என்ர அம்மா எனக்குத் தந்தது. அவவுக்கு அவவின்ர அம்மா. உனக்கு ஒரு மகள் பிறந்தால் அவளுக்குக் குடு" என்றார். அவ்வளவு காலம் பழகி அந்தளவு ஸ்பானிய மொழி எனக்கு விளங்கும்.

"நான் எலேனா இல்லை" என்று சொல்லியிருக்க வேண்டும். எத்தனையோ நாள் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு நான் அவருடைய மொழியிலேயே "நன்றி, அம்மா" என்றேன். அவர் என் நெற்றியில் கொஞ்சினார். அந்த அம்மாவுக்கு ஒரு நிம்மதி கொடுத்தேன் என்று லிஃப்டில் இறங்கும்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நாலு நாள் கைப்பையில் வைத்திருந்தேன். நாலு நாளும் அந்த வீட்டுக்குப் போனேன். திருப்பி மேசைக்குள் வைக்க ஒரு நிமிடம் போதும். பிறகு சிவானந்தன் ஊருக்குப் போகிறார் என்று கேள்விப்பட்டேன். உன் காது நினைவுக்கு வந்தது.

ஆகஸ்ட் கடைசியில் எலேனா வந்தாள். தாய்க்கு எண்பதாவது பிறந்தநாள் வருகிறது, தோட்டைப் போட்டுப் படமெடுக்கத் தேடினாள். இல்லை. என்னிடமும் கிருஷ்ணகுமாரியிடமும்தான் வீட்டுக் கதவின் திறப்பு இருக்கிறது. இரண்டு பேரையும் எங்கள் வேலைக் கந்தோரில் கூப்பிட்டுக் கேட்டார்கள். நான், "அப்படி ஒரு தோட்டைக் கண்டதில்லை" என்றேன். குமாரி வெள்ளந்தி. "கண்டிருக்கிறன், அவவைக் குளிப்பாட்டேக்கை எத்தினையோ தரம் கழட்டித் துடைச்சுப் பெட்டியிலை வைச்சிருக்கிறன்" என்று உள்ளதைச் சொன்னாள். அதைத் தொட்டதாக ஒப்புக்கொண்டவள் அவள் ஒருத்திதான். விசாரணை முடியும்வரை வேலைக்கு வரவேண்டாம் என்று அவளுக்குக் கடிதம் கொடுத்துவிட்டார்கள். செப்டெம்பரிலிருந்து வீட்டில் இருக்கிறாள்.

எழுதவே கை கூசுகிற இடம் இதுதான். நான் கிழமைக்கு ஒருநாள் பஸ் பிடித்து லோறென்ஸ்கூக்குக்கு அவள் வீட்டுக்குப் போகிறேன். பக்கத்திலிருந்து ஆறுதல் சொல்கிறேன். "அக்கா, ஆர் எடுத்திருப்பினம்?" என்று கேட்கிறாள். "கடவுளுக்குத்தான் தெரியும்" என்கிறேன். கதவடியில் என்னைக் கட்டிப்பிடித்து, "நீங்கள் ஒராள்தான் என்னை நம்புறீங்கள்" என்கிறாள்.

உன் பனையோலைப் பெட்டி என் அலுமாரிக்குள் இருக்கிறது. மக்டலீனின் கடிதத்தை நான் ஒருவருக்கும் வாசித்துக் காட்டவில்லை.

தோட்டை அனுப்பு. அதை எப்படியாவது அந்த வீட்டுக்குள் வைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று யோசித்திருக்கிறேன்.

புளோறன்ஸ்

குரோருட்
03.12.2003

அன்புள்ள தங்கச்சி,

உன்னிடமிருந்து பதில் இல்லை. கோபமென்றால் அது நியாயம். மக்டலீனின் உடம்பு எப்படி என்று மட்டுமாவது ஒரு வரி எழுது.

தோட்டைக் கட்டிலுக்கடியில் கண்டெடுத்தேன் என்று சொல்லத்தான் நினைத்திருந்தேன். போன ஞாயிறு குமாரியின் புருஷன் என்னைப் பஸ் தரிப்பிடம்வரை கொண்டுவந்து விட்டார். "அக்கா, நேற்று அவள் என்னைக் கேட்டாள், நித்திரை மயக்கத்திலை நான்தான் எங்கையேன் எடுத்து வைச்சிட்டனோ எண்டு. தன்னைத்தானே நம்புறாளில்லை" என்றார். பஸ் வந்தது. நான் ஏறவில்லை. அடுத்த பஸ்ஸும் போனது.

திங்கட்கிழமை கந்தோருக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். தோடு கையில் இல்லாமலே சொன்னேன். என் பொறுப்பாளர் ஒரு நோர்வேக்காரப் பெண், பேனையை மூடி வைத்துவிட்டு, "கிருஷ்ணகுமாரி வீட்டிலை இருந்த மூண்டு மாதமும் உனக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டாள். தெரியும் என்றேன். வேலை போய்விட்டது. அன்று இரவே அத்தானுக்கும் சொன்னேன். அவர் பல்கனிக் கதவைத் திறந்துகொண்டு குளிருக்குள் போய் நின்றார். உள்ளே வந்து, "தோடு எங்கை?" என்றார். அதற்குமேல் இன்றுவரை ஒன்றும் பேசவில்லை.

அக்கா

பேசாலை
20.12.2003

அன்பான அக்காவுக்கு,

நத்தார்ப் பண்டிகைக்கு ஒஸ்லோவிலிருந்து வந்த சற்குணம் அண்ணை அடுத்த கிழமை திரும்புகிறார். அவர் கையில் தோட்டைத் தந்திருக்கிறேன். கிடைத்ததும் அறிவியுங்கள். மக்டலீன் நல்ல சுகம், பிள்ளை துடிக்கத் தொடங்கிவிட்டது.

உங்கள் நவம்பர்க் கடிதம் வந்து நாலு கிழமை. நான் பதில் எழுதாமல் இருந்தது கோபத்தில் இல்லை. அப்படி நீங்கள் நினைத்தால் எனக்கு நல்ல பெயர் கிடைத்துவிடும், அதனால் சொல்லிவிடுகிறேன். எனக்குத் தோட்டைத் தர மனம் வரவில்லை. கடிதத்தை ஒருவருக்கும் காட்டாமல் சேலைக்கடியில் வைத்தேன். கடிதம் வந்து சேரவில்லை என்று சொல்லிவிடலாமா என்றுகூட யோசித்தேன். அம்மாவின் தோட்டை விடுங்கள் என்று ஜூனில் எழுதினேனே, அது பொய். என் கலியாணத்தன்று வெறும் பித்தளைத் தோட்டோடு பீடத்துக்கு முன்னால் நின்றதை நான் ஒருநாளும் மறக்கவில்லை. உங்கள் பெட்டியைத் திறந்தபோது, இது எனக்கு வரவேண்டியது வந்து சேர்ந்தது என்றுதான் நினைத்தேன். அந்த அம்மாவுக்குப் பிள்ளைகள் இல்லையா என்று கேட்டேன். மகள் இருக்கிறாள் என்று நீங்கள் எழுதிய பிறகும் மேலே கேட்கவில்லை. கேட்டிருந்தால் அப்போதே தெரிந்திருக்கும்.

உங்கள் சினேகிதி வேலையில்லாமல் இருந்த நாட்களில் நாலு கிழமை என்னுடையது.

போன சனி மக்டலீனிடம் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு எழும்பிப் போனாள். மாமியிடம் தானே போய், "இது இன்னொருத்தரின்ர பொருள் மாமி, தெரியாமல் எங்களிட்டை வந்திட்டுது" என்று சொல்லிக் கழற்றிக்கொண்டு வந்தாள். மாமி வீட்டில் இப்போது முகம் முன்போல இல்லை.

இடது தோட்டில் ஒரு முத்து குறைகிறது. கலியாண வீட்டுச் சனத்துக்குள் விழுந்திருக்க வேண்டும். முற்றத்தை அரிதட்டால் அரித்தும் பார்த்தோம், அகப்படவில்லை. வெட்டிய கொக்கிகளைப் பத்தரிடம் கேட்டேன், உருக்கிவிட்டாராம். இதையும் அந்த மகளிடம் சொல்லுங்கள். மறைக்காதீர்கள்.

அனஸ்ரேசியா

குரோருட்
07.03.2004

அன்புள்ள தங்கச்சி,

நாங்கள் உயிரோடு இருக்கிறோம். அத்தான் பேசத் தொடங்கியிருக்கிறார். சற்குணம் தந்த பொதி ஜனவரியிலேயே கிடைத்தது. உடனே அறிவிக்கச் சொன்னாய். எல்லாம் முடிந்த பிறகு எழுதலாம் என்று பிந்தினேன். மன்னித்துக்கொள்.

எலேனா தாயோடு இருக்க பேர்கனிலிருந்து வந்துவிட்டாள். போன மாதம் தோட்டைக் கொண்டுபோனேன். அவள்தான் கதவைத் திறந்தாள். மேசையில் வைத்து, சுரையையும் குறைந்த முத்தையும் காட்டினேன், நீ எழுதியபடி ஒன்றும் மறைக்கவில்லை. அவள் அதை நெடுநேரம் புரட்டிப் பார்த்தாள். கத்துவாள் என்று காத்திருந்தேன். பிறகு தன் தலைமயிரை ஒதுக்கிக் காதைக் காட்டினாள். துளையில்லை.

"அம்மா இதைத் தரத்தான் எத்தினையோ தரம் பாத்தவ. பள்ளிக்கூடத்திலை எல்லாரும் வெள்ளைப் பிள்ளையள். எனக்கு வெக்கம். பதினேழு வயசிலை, உங்கடை சந்தைச் சாமான் எனக்கு வேண்டாம் எண்டு அவவின்ர மடியிலை எறிஞ்சனான். அதுக்குப் பிறகு அவ கேக்கேல்லை" என்றாள். "இப்ப தேடினதும் படமெடுக்கத்தான்."

அவள் அப்படிச் சொன்னது எனக்கு ஆறுதலாக இருந்தது. ஆறுதலாக இருந்ததே எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவள் வேண்டாமென்றது அவளுடைய தாயிடம். நான் எடுத்தது அதனால் இல்லை.

கொன்சுவேலோ அம்மா யன்னலடியில் இருந்தார். என்னைக் கண்டதும் இரண்டு கையையும் நீட்டி, "எலேனா" என்றார். நான் முன்னால் முழங்காலில் இருந்து, "நான் எலேனா இல்லை அம்மா. நான் புளோறன்ஸ். உங்கடை எலேனா அந்தா நிக்கிறா" என்று சொன்னேன். அவர் சிரித்தார். எலேனாவைக் காட்டி, "இந்த நேர்ஸ் நல்ல பிள்ளை" என்றார். பிறகு என் கன்னத்தைத் தடவி மறுபடியும், "எலேனா" என்றார். நான் எத்தனை தரம் சொல்லியும் மாறவில்லை. எலேனா என்னைக் கதவுவரை கூட்டிவந்து, "இனி வராதையுங்கோ" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. காது குத்தப் போவதாகச் சொன்னாள். தாய்க்கு அது விளங்குமோ தெரியாது.

குமாரியைத் திரும்ப வேலைக்கு எடுத்துவிட்டார்கள், மன்னிப்புக் கடிதமும் கொடுத்திருக்கிறார்கள். டிசம்பரிலிருந்து ஆறு தரம் அவள் வீட்டு மணியை அடித்திருக்கிறேன். போன ஞாயிறுதான் திறந்தாள். உள்ளே வரச் சொல்லவில்லை. என்னை அக்கா என்று கூப்பிடவும் இல்லை. நான் கொண்டுபோன வார்த்தையெல்லாம் சொல்லி முடியும்வரை கதவைப் பிடித்தபடி நின்றாள்.

"நீங்கள் தோடு எடுத்தது எனக்கு ஒண்டுமில்லை" என்றாள். "பயத்திலை பொய் சொன்னதும் விளங்குது. ஆனால் கிழமைக்குக் கிழமை வந்து என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு இருந்தீங்களே. நான் அழுது முடிக்கும்வரைக்கும் இருந்திட்டுத்தானே போவீங்கள். அதை என்னெண்டு செய்தனீங்கள்?"

அவள் கொஞ்ச நேரம் உண்மையாகவே பதிலுக்காகக் காத்து நின்றாள். பிறகு கதவைச் சாத்தினாள்.

பதில் எழுதும்போது எனக்கு ஆறுதல் ஒன்றும் எழுதாதே, தங்கச்சி. மக்டலீனுக்கு நாள் கிட்டுகிறது. அவளைப் பற்றி மட்டும் எழுது.

புளோறன்ஸ்